ஹைட்ரேஞ்சாவுக்கு ஒரு கிராப்பு

கத்தரியைக் கையில் கொடுப்பதற்கு முன் மனைவி இன்னொரு தடவை சொன்னாள். "காய்ஞ்ச பூவை மட்டும் எடுக்கணும். அதுக்குக் கீழ ஜோடியா குண்டு மொட்டு இருக்கும், இந்த வருஷப் பூ அதுலதான் வரும். அதுக்கு மேலயே நறுக்கிடுங்க. கீழ கத்தரி போகவே கூடாது. எங்க, திருப்பிச் சொல்லுங்க?"

"காய்ஞ்ச பூ. குண்டு மொட்டு. அதுக்கு மேல" என்று சலூன் மாஸ்டர் ஒப்பித்தார்.

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று வாங்க வந்தவர் வாயாலேயே சொல்லவைத்துத்தான் மாத்திரையைக் கொடுப்பாள். புருஷனுக்கு மட்டும் சலுகையா கிடைத்துவிடும்? ஆனால் இன்று குரலில் கண்டிப்பைவிடக் கவலைதான் அதிகம். குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டு முன்னால் வரிசையாக நிற்கும் ஹைட்ரேஞ்சாச் செடிகளுக்கு இத்தனை வருஷமும் அவள்தான் கவாத்து செய்தாள். மாஸ்டர் கிட்டே போனாலே, "உங்க கைவரிசையைக் கடையோட வச்சுக்குங்க" என்று மறித்துவிடுவாள். ஊரே நம்பித் தலையைக் கொடுக்கிற முடிதிருத்துபவரிடம் சொந்த மனைவி ஒரு செடியைக் கொடுத்ததில்லை. உள்ளூர அவருக்கு அது பெரிய குறை. சொன்னால் சிரிப்பாள் என்று சொன்னதில்லை. அதனால், மனசே இல்லாமல் அவள் நீட்டிய கத்தரியை வாங்கியபோது மனிதருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

முதல் செடியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வெட்டினார். குளிர்காலம் முழுக்கச் செடியிலேயே நின்று பழுப்பேறிய பூங்கொத்து, அதன் கீழே மொட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு நறுக். ஜன்னலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலி மாத்திரை வேலை செய்ய, நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். மாஸ்டர் நாலடி தள்ளி நின்று, வெட்டிய செடியைப் பார்த்தார். வந்தது வினை.

ஒரு கிளை நெஞ்சு உயரம். ஒன்று முழங்கால் உயரம். ஒன்று வழிக்கு வந்து நீட்டிக்கொண்டிருந்தது. இதெல்லாம் அவருக்குத் தாங்குமா? காதுக்கு மேல் ஓர் இழை தப்பியிருந்தாலும், காசு கொடுத்துவிட்டுப் படியிறங்கின ஆளைக் கூப்பிட்டு மறுபடி உட்காரவைக்கிறவர். 'இது ஒண்ணு மட்டும்' என்று உயரக் கிளையைக் குறைத்தார். குறைத்ததும் பக்கத்துக் கிளை நீளமாகத் தெரிந்தது. அதற்கப்புறம் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. வாய் ஏதோ ஒரு மெட்டை முனக, கத்தரி தாளம் தட்டிக்கொண்டு ஒவ்வொரு செடியாகப் போனது. மேலே வட்டம், பக்கவாட்டில் ஒட்ட. பள்ளிக்கூடம் திறக்கிற முதல் நாள் பிள்ளைகள் மாதிரி செடிகள் வரிசையில் நின்றன. அவள் எழுந்து வந்து பார்க்கட்டும், இத்தனை நாள் ஏன் இவரிடம் கொடுக்காமல் போனோம் என்று வருத்தப்படட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு செடி பாக்கி. அதற்கு முன் கீழே கிடப்பதைக் கூட்டிவிடலாம் என்று குனிந்தார், கடைப் பழக்கம். கூடையில் போட அள்ளிய குச்சியின் நுனியில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. பச்சையாக, ஜோடியாக, குண்டாக இரண்டு மொட்டு. அடுத்த குச்சியிலும் இருந்தது. கூடை முழுக்க மொட்டுதான். மாஸ்டர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

பனியில் கருகிவிட்டது என்று சொல்லலாமா? பக்கத்து வீட்டு நாய்மேல் போடலாமா? நாய் வட்டமாகக் கத்தரிக்குமா என்று அவரே கேட்டுக்கொண்டார். பூ போனதுகூடப் பெரிதில்லை. முதல் தடவையாக நம்பிக் கொடுத்தாளே, இனி கொடுப்பாளா? அதுதான் அவரை அறுத்தது.

கதவு திறந்தது. சால்வையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் கூடையை மறைக்கவில்லை.

"எல்லாத்தையும் வெட்டிட்டேன். இது ஒண்ணுதான் மிச்சம். சமமா இல்லியேன்னு பாத்தேன், கை நிக்கல."

அவள் ஒவ்வொரு செடியாக நடந்தாள். இடது கையால் வெட்டுப்பட்ட நுனிகளைத் தொட்டுத் தொட்டுப் போனாள். அவர் பின்னாலேயே போனார்.

"இந்த வருஷம் வெறும் இலைதான். இலை நல்லா தளதளன்னு வரும். பூ அடுத்த வருஷம்."

"திட்டிடு."

"திட்டினா மொட்டு ஒட்டிக்குமா?" என்றவளின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று அவர் பயந்தபோது சிரிப்பு வெடித்தது. "கிருதாவெல்லாம் எடுத்து விட்டிருக்கீங்களே!"

சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதில் எவ்வளவு சிரிப்புக்கு, எவ்வளவு பூவுக்கு என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அப்படியே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கையெல்லாம் மண்.

கத்தரியை அவளிடம் நீட்டினார். "இந்தா, உள்ள வச்சிடு. கை சரியானதும் இதை நீயே பண்ணிக்கோ."

அவள் வாங்கவில்லை. "கட்டுப் பிரிக்கிற வரைக்கும் செடி காத்திட்டு இருக்குமா? நீங்களே வெட்டுங்க."

"நானா? அப்ப பக்கத்துல நின்னு சொல்லு."

"நான் எதுக்கு? உங்களுக்குத்தான் தெரியுமே" என்று சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். முகத்தை வெயில் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மாஸ்டர் கடைசிச் செடியின் முன் மண்டியிட்டார். உயர்ந்து நின்ற கிளையைப் பிடித்து, பூவிலிருந்து விரலால் தடவிக்கொண்டே இறங்கினார். கட்டைவிரலில் மொட்டு தட்டியது. அதற்கு மேலே கத்தரியை வைத்துத் திறந்தார். திரும்பிப் பார்த்தார். அவள் கண் திறக்கவில்லை. முழங்காலில் ஈரம் ஏறியது. விரிந்த கத்தரிக்கு மேலே அந்தப் பழுப்புப் பூ மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.