காக்கை வராத மாடி

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. சுரேந்திரன் டிரம்மை நிரப்பினான். வரிசையில் நின்று பொதுக் கழிப்பறைக்குப் போய்வந்தான். பாலைக் காய்ச்சினான், பொங்குவதற்குள் அடுப்பை அணைத்தான். குளித்தான். வேட்டி கட்டச் சொன்னார்கள், கட்டினான். அன்று அவன் மனைவி மாரிசெல்விக்குப் பதினாறாம் நாள் காரியம்.

சமையலுக்கு மாமியார் சண்முகவடிவு வேறு யாரையும் விடவில்லை. மகளுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் உளுந்து வடையும் அவள் கையாலேயே ஆயின. காக்கை வாய் வைத்த பிறகுதான் வீட்டில் யாரும் சாப்பிடலாம். அது எடுக்கவில்லையென்றால் போனவளுக்கு ஏதோ மனக்குறை. திருநெல்வேலியை விட்டுத் தாராவிக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் சண்முகவடிவுக்கு இதில் சந்தேகம் வந்ததில்லை.

மொட்டை மாடியில் இலை போட்டுப் படைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். மற்ற நாளில் வற்றல் காயப்போட்டால் கம்போடு காவல் நிற்க வேண்டிய மாடி அது. இன்றைக்குச் சுற்றிலும் தகரக் கூரைகள்தான் இருந்தன. மாரிசெல்வியின் தாய்மாமன் பூலோகம் தொண்டை கட்டும்வரை கரைந்து பார்த்தார்.

"பம்பாய்க் காக்காக்குத் தமிழ் புரியலை போல. யாராச்சும் ஹிந்தியில கூப்பிடுங்கடே" என்றார்.

இரண்டு பேர் சிரித்தார்கள். சண்முகவடிவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

சுரேந்திரனுக்குக் காரணம் தெரிந்திருந்தது. பக்கத்தில் மாஹிம் கழிமுகத்துக்கு மேலே காக்கையும் பருந்துமாக வானம் கறுத்துக் கிடந்தது. அவனுக்கு ஐரோலியில் தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. முந்தின நாள் பெய்த முதல் மழை, கோடை முழுவதும் சாக்கடையில் தேங்கிய கசடை ஒரேயடியாக அடித்துக்கொண்டு போயிருக்கும். சோறு வடித்த கஞ்சி, பாத்திரம் கழுவிய தண்ணீர், எல்லார் வீட்டு மலமும் அதில்தான். அதைத் தின்ன நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் பெருகும். அவை தின்னத் தின்ன நீரில் இருக்கும் ஆக்சிஜன் தீரும். மீன்கள் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும். காக்கைக்கு அங்கே விருந்து நடக்கையில் இங்கே இலைச் சோறு எதற்கு? ஒரு வீட்டில் கழித்ததை இன்னொரு உயிர் எடுத்துக்கொள்கிறது. ஒன்றும் வீணாவதில்லை. மாரிசெல்வி கொட்டிய கஞ்சியும் சுற்றிச் சுற்றி அந்தக் காக்கைகளின் வயிற்றுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

இதை அவன் மாமியாரிடம் தன்னால் முடிந்த அளவு எளிமையாகச் சொன்னான். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"நீங்க படிச்சவுக, சொல்லுதீங்க. எல்லாக் காக்காயுமா போயிருக்கும் மாப்ள? எம்பிள்ளைக்குன்னு ஒண்ணு கூடவா வராது?"



பிறகு ஒவ்வொருவராக வாக்குக் கொடுத்தார்கள். போனவளின் குறை எதுவோ அதைத் தீர்ப்பதாகச் சொன்னால் காக்கை இறங்கும் என்பது வழக்கம். அவள் அம்மையைப் பார்த்துக்கொள்வதாகப் பூலோகம் சொன்னார். புருஷனைச் சோறு தண்ணியில்லாமல் விடமாட்டேன் என்று சண்முகவடிவு ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னாள். இலையில் ஈ மொய்த்தது. வடையின் மேல் எறும்பு ஊர்ந்தது. கீழே பசியில் குழந்தைகள் அழ ஆரம்பித்திருந்தன.

கடைசியில் எல்லாரும் சுரேந்திரனைப் பார்த்தார்கள். அவள் எதையோ நினைத்து நிற்கிறாள், அது புருஷனுக்குத்தான் தெரியும் என்றார் பூலோகம். சண்முகவடிவு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா ஒங்ககிட்ட என்ன சொன்னா மாப்ள? என்னன்னாலும் சொல்லுங்க, செஞ்சிருவோம்."

மாரிசெல்வி விழுந்த அன்றைக்கு அவன் ஆய்வகத்தில் இருக்கும்போதுதான் தகவல் வந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. அவன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை. அதன்பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே கடைசி என்றால் காலையில் வாசலில் சொன்னதுதான். இவர்களுக்கு ஆறுதலாக வேறு ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தான். எதுவும் வரவில்லை. அவன் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கையில் அவள் கேட்டதை அப்படியே சொன்னான்.

"ராத்திரிக்கு என்ன வைக்க? யோசிச்சிட்டு ஒரு போன் போடுங்க."