நானூறு பேருக்கு ஒரு சமன்பாடு

1

இந்தக் கதை ஒரு செயற்கைத் தாமரைக்குள்ளிருந்து பிறந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சாமத்திய வீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா. மேடையில் தாமரை விரிய, புகைக்குள்ளிருந்து பிள்ளை இருமிக்கொண்டு வந்தாள். எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

தொடக்கம்: மயூரி கணித ஆசிரியை, ஆகவே அவளுக்குக் கணக்குத் தெரியும் என்று

(வேண்டாம். கணக்குப் படித்தவர்களுக்கெல்லாம் கணக்குத் தெரிந்திருந்தால் நாடு ஏன் இப்படிக் கிடக்கிறது?)

2

மகள் ஹம்சிகாவின் சாமத்திய வீட்டுக்கு மயூரி ஒதுக்கியது எட்டு இலட்சம். மண்டபம், தாமரை, படப்பிடிப்பு நான்கு இலட்சம். சாப்பாடு ஆளுக்கு நாலாயிரம். வருபவர்கள் x என்றால்,

செலவு = 400,000 + 4000x

x நூறைத் தாண்டக்கூடாது. கணவன் யோகநாதனின் சொந்தம் மட்டுமே நூற்றைம்பது. அப்போதுதான் அவளுக்கு ஞானம் பிறந்தது. வெறுங்கையோடு யார் வருவார்? ஆளுக்கு ஐயாயிரமாவது என்வலப்பில் வரும்.

செலவு = 400,000 + 4000x − 5000x

ஆள் கூடக் கூடச் செலவு குறைகிறது! நானூறு பேர் வந்தால் விழா இலவசம். (குடும்பத்துக்கு ஒரு என்வலப்தானே என்று கேட்பவரே, அவள் நம்பிக்கையைக் கெடுக்காதீர்கள்.)

3

அழைப்புக் கார்ட் அடித்ததும் கொடுத்ததும் யோகநாதன். நானூறு பேருக்கும் கொடுத்து முடிந்த பிறகே மயூரி கடைசி வரியை வாசித்தாள்: அன்பளிப்புகளை அன்புடன் தவிர்க்கவும்.

"என்னப்பா இது? ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?"

"லண்டன் அண்ணர் சொன்னவர். காசு வாங்கினா மரியாதை இல்லையாம்."

"அப்ப வீட்டு அட்வான்சை லண்டன் அண்ணர் கட்டுவாரோ?"

"மெல்லக் கதையும். பிள்ளைக்குக் கேக்கும்."

இப்போது செலவு இருபது இலட்சம். குறைவது பன்னிரண்டு. அடுத்த மாதம் வாடகை வீட்டுக்காரருக்குக் கொடுக்க வங்கியில் கிடக்கும் ஒரு வருட முற்பணமும் பன்னிரண்டு. அதில் கை வைத்தால் வீட்டை விட்டு எழும்ப வேண்டும். (இவ்வளவு கச்சிதமாகவா என்கிறீர்கள். ஓம், என் சதிதான்.) மயூரி அடுப்பை அணைத்து, குசினிக் கதவைச் சாத்திவிட்டு அழுதாள். அதை நான் கேலி செய்யமாட்டேன். பாவம் அவள்.

4

முடிவு ஒன்று: லண்டன் அண்ணர் காசு அனுப்புகிறார். (கற்பனைக்கும் ஓர் எல்லை உண்டு.)

முடிவு இரண்டு: மயூரி நானூறு பேருக்கும் போன் எடுத்து, அந்த வரி அச்சகத்தாரின் பிழை என்று

(அடித்துவிட்டேன். அதைவிட அவள் வீட்டையே காலி செய்வாள்.)

மூன்றாவது உங்களிடம்தான் இருக்கிறது. நீங்களும் நானூறில் ஒருவர். மண்டப வாசலில் மயூரி பட்டுச்சேலையோடு கும்பிட்டபடி நிற்கிறாள். கார்டில் போட்டதை மதித்து நீங்கள் வெறுங்கையோடு உள்ளே போகலாம். யாரும் குறை சொல்ல முடியாது. அல்லது என்வலப்பை நீட்டலாம். உடனே யோகநாதன் ஓடிவந்து, "ஐயோ, நாங்கள் வாங்கிறேல்லை!" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்லி, அதை உங்கள் கைக்கே திருப்பித் தள்ளுவான். மயூரி பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இரண்டாந்தரமும் நீட்டுவீர்களா, இல்லை நல்லதாய்ப் போயிற்று என்று பைக்குள் வைத்துக்கொண்டு சாப்பிடப் போவீர்களா?