முட்டியில் நின்ற கை

படம் உறைந்தபோது தையல்காரரின் வலது கை அவருடைய முட்டியின் மேல் இருந்தது.

மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவள் திரையை நோக்கிக் குனிந்தாள். காது கேளாதவர்களுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில் இருந்து, சைகை மொழியைப் பேச்சாகவும் பேச்சைச் சைகையாகவும் மாற்றிச் சொல்வதுதான் அவள் வேலை. நேரில் போவதில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் ஒரு திரையை நிறுத்துவார்கள். அதில் அவள் தெரிவாள், அவளுக்கு அவர்கள் தெரிவார்கள்.

அன்று காலை திரையில் தெரிந்தவர் ஒரு தையல்காரர். பிறவியிலேயே காது கேளாதவர். சர்க்கரை முற்றி, கால் புண் அழுகி, மறுநாள் ஆபரேஷன். அதற்கு அவர் தெரிந்து சம்மதிக்கிறாரா என்று கேட்டுச் சொல்லத்தான் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் முதலில் 'மகன்' என்று காட்டினார். அடுத்து 'விரல்'. அதற்குப் பிறகு பாதத்திலிருந்து கையை மெல்ல மேலே இழுத்துக்கொண்டு போய் முட்டியில் நிறுத்தினார். அவ்வளவுதான். முகம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுபோனது.

சைகை மொழியில் பாதிப் பேச்சு முகத்தில்தான் இருக்கிறது. புருவம் ஏறினால் கேள்வி. ஏறாவிட்டால் அதே சைகை சும்மா ஒரு சேதி. 'விரல் இல்லை, முட்டி வரை' என்று அவர் சொன்னாரா? இல்லை, 'மகன் விரல் என்றானே, முட்டி வரையா?' என்று கேட்டாரா? புருவம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள்தான் இருந்தன.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் போன் செய்தாள்.

"மேடம், லைன் போயிடுச்சு. பரவாயில்ல, அவரு தலைய ஆட்டிட்டாரு. மகனும் கையெழுத்துப் போட்டுட்டாரு. சம்மதம்னு எழுதிக்கலாமில்ல?"

"வேண்டாம் சிஸ்டர், எழுதாதீங்க. அவர் பேசி முடிக்கல."

"டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போயிட்டாங்க. சாயங்காலம் வந்ததும் இன்னொரு தடவை போடச் சொல்றேன். அப்பவும் இப்படி விட்டு விட்டு வந்தா?"

"வராது. நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டாள். எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த வீட்டில் இணையம் வரும் பெட்டி கீழ்த்தளக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. வெளியிலிருந்து வரும் லைனை வாங்குவது, வீடு முழுக்க வயர் இல்லாமல் பரப்புவது, இரண்டும் அந்த ஒரே பெட்டியின் வேலை. மாடிக்கு வந்து சேரும்போது அதற்கு மூச்சு வாங்கிவிடும். செல்போன் சிக்னல் அதைவிட மோசம். கீழே போய் உட்காரலாமென்றால், நோயாளி பேசுவது வேறு யார் கண்ணிலும் படக் கூடாது. கூடமோ வருவோர் போவோருக்குப் பொது.

கீழே இருப்பது அவள் ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி வழியாகக் கணக்கு டியூஷன் எடுக்கிறவள். அந்தப் பெட்டியைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவாள். தூசி தட்டக்கூட இன்னொருவர் கை வைக்க முடியாது. கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் தம்பி எப்போதோ கொடுத்துவிட்டுப் போன தனி ரூட்டர் ஒன்றும், சுருட்டி வைத்த நீளமான கேபிளும் மாடி அலமாரியில் சும்மா கிடந்ததற்கு அதுதான் காரணம். ஓரகத்தியிடம் கேட்டு, இல்லை என்று வாங்கிக்கொள்வதைவிடக் கேட்காமலே இருந்துவிடலாம் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள்.

இன்று கடத்த முடியாது. கேபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

ஓரகத்தி காதில் ஹெட்போனுடன் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். இவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடி, பாம்பு பிடிக்கப் போறவ மாதிரி வர்ற?"

"அக்கா, மாடிக்கு ஒரு லைன் இழுத்துக்கறேன். சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கால் இருக்கு. காலையில பாதியில நின்னுடுச்சு."

"நான் கிளாஸ்ல இருக்கேன். பெட்டி நல்லாத்தானே ஓடுது? அதுல எதையாவது நோண்டி வைக்காத."

"நோண்டல. பின்னாடி ஒரு ஓட்டை சும்மாத்தான இருக்கு. அதுல செருகறேன், அவ்வளவுதான்."

ஓரகத்தி சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. திரையில் ஒரு பிள்ளை ஏதோ சந்தேகம் கேட்டது. அந்த இடைவெளியில் இவள் கேபிளின் ஒரு முனையைப் பெட்டியின் முதுகில் செருகிவிட்டு, மிச்சத்தைப் படிக்கட்டு ஓரமாகவே விட்டுக்கொண்டு மாடிக்குப் போனாள். அவளுடைய மெல்லிய கணினியில் கேபிள் செருக இடமே கிடையாது. அதனால்தான் நடுவில் ரூட்டர் தேவைப்பட்டது. கேபிளின் மறுமுனையை ரூட்டரில் செருகி, சுவிட்சைப் போட்டாள். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. ஆஹா என்று நினைத்தாள்.

கீழிருந்து குரல் வந்தது.

"ஏய்! என்னடி பண்ணின? பிள்ளைங்க எல்லாம் போயிடுச்சு!"

ஓடிவந்து பார்த்தாள். ஓரகத்தியின் திரை வெறிச்சோடிக் கிடந்தது. வெண்பலகையில் பாதி போட்ட கணக்கு மட்டும் நின்றது. மாடியிலும் ஒன்றும் வரவில்லை. இருந்ததும் போயிற்று.

"நான் அப்பவே சொன்னேன். இப்ப பெத்தவங்க போன் பண்ணுவாங்க, நான் பதில் சொல்லணும். உனக்கு ஒரு வேலைன்னா வீடே நிக்கணுமா?"

இவள் மாடிப்படியில் உட்கார்ந்து தம்பிக்குப் போன் போட்டாள். அவசரத்தில் முதலில் வேறு யாருக்கோ போனது.

"செருகிட்டுத்தான் கேட்பியாக்கா?" என்றான் தம்பி, நடந்ததைக் கேட்டுவிட்டு. "முதல்ல அந்தக் கேபிளப் புடுங்கு. பழைய பெட்டிய ஒருவாட்டி அணைச்சுப் போடு. உன் ஓரகத்திக்கு உயிர் வந்துடும்."

பிடுங்கினாள். அணைத்துப் போட்டாள். ஓரகத்தியின் திரையில் பிள்ளைகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. அவள் மட்டும் இவள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

"இப்ப கேளு. வீட்டுல இருக்குற ஒவ்வொரு போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் குடுத்து அனுப்புறது பழைய பெட்டியோட வேலை. உன் புது ரூட்டரும் அதே வேலையப் பண்ணும். போதாக்குறைக்கு ரெண்டுக்கும் சொந்த நம்பரும் ஒண்ணுதான். ரெண்டு பேரும் நாந்தான் இந்த வீட்டுக்குப் பெரியவன்னு நின்னா வீடு விளங்குமா?"

"நீ யாரச் சொல்ற?"

"ரூட்டரத்தான்க்கா சொல்றேன். வேற யார?"

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

அவன் சொல்லச் சொல்லச் செய்தாள். புது ரூட்டரைத் தனியாக வைத்து, தன் கணினியை அதோடு மட்டும் சேர்த்தாள். அதன் செட்டிங்ஸ் பக்கம் கணினியில் திறந்தது. சொந்த நம்பரின் கடைசி எண் ஒன்று என்று இருந்ததை இரண்டு என்று மாற்றினாள். மற்ற சாதனங்களுக்கு நம்பர் கொடுக்கும் வேலையை நிறுத்தினாள். அது ஒரு தடவை கேட்டது, நிச்சயமாகவா என்று. நிச்சயம் என்று அழுத்தினாள்.

"இப்ப கேபிள். புது ரூட்டர்ல தனியா, வேற கலர்ல ஒரு ஓட்டை இருக்கும் பாரு, அதுல செருகாத. வரிசையா நாலு இருக்குல்ல, அதுல ஒண்ணுல செருகு."

செருகினாள். மறுமுனையைப் பழைய பெட்டியில் செருக மறுபடி கீழே போனாள். ஓரகத்தி பாடத்தை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"மறுபடியுமா?"

"அக்கா, ஒருத்தர் கால் விஷயம். அதுக்கு மேல சொல்லக் கூடாது. இந்தத் தடவையும் போச்சுன்னா இனிமே இந்தப் பெட்டிப் பக்கமே வரமாட்டேன்."

ஓரகத்தி ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, "செருகித் தொலை" என்றாள்.

செருகினாள். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் அசைந்தன, கொட்டாவி விட்டன, ஒருத்தி பென்சிலைக் கடித்தாள். யாரும் போகவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. படம் கண்ணாடி போல இருந்தது. தையல்காரரின் ஆள்காட்டி விரலில் ஊசி குத்திக் குத்தித் தடித்த தோல்கூடத் தெரிந்தது. கட்டிலின் ஒருபுறம் டாக்டரம்மா. மறுபுறம் மகன், களைத்த முகத்தோடு, சட்டை பட்டனைத் திருகியபடி.

"டாக்டர், காலையில அவர் கடைசியா சொன்னது எனக்குத் தெளிவாத் தெரியல. மறுபடி கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அதையே கைகளிலும் சொன்னாள்.

தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகன், விரல், பிறகு முட்டி. புருவங்கள் நெற்றிக்கு ஏறி நின்றன. அவள் அவர் குரலாகப் பேசினாள்.

"'விரல மட்டும்தான் எடுப்பாங்கன்னு என் மகன் சொன்னான். காலையில வந்தவங்க முட்டிக்குக் கீழ பேனாவால கோடு போட்டுட்டுப் போனாங்க. அது எதுக்கு?'"

டாக்டரம்மா மகன் பக்கம் திரும்பினார். "என்ன சொல்லி வச்சிருக்கீங்க அவருகிட்ட?"

மகனின் கண் கலங்கிவிட்டது. "காலுன்னு சொன்னா வரவே மாட்டாரு டாக்டர். வீட்டுலயே கிடந்து செத்துடுவாரு. மயக்கம் தெளிஞ்சப்புறம் மெல்லச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். ப்ளீஸ் மேடம், இத அவருகிட்ட சொல்லாதீங்க."

அறையில் பேசப்படும் எதையும் விடக் கூடாது என்பது அவள் தொழிலின் விதி. காது கேட்கிறவருக்குக் கேட்பதெல்லாம் அவருக்கும் கேட்க வேண்டும். அவள் கைகள் கனத்தன. ஆனாலும் சொன்னாள். காலென்றால் வரமாட்டார் என்பதைச் சொன்னாள். செத்துவிடுவார் என்பதைச் சொன்னாள். 'இதை அவரிடம் சொல்லாதீர்கள்' என்பதையும் சொன்னாள்.

தையல்காரர் அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று ஒரு நொடி பயந்தாள். இல்லை, அவர் பின்னால் திரைச்சீலை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். அழுகல் விரலைத் தாண்டிவிட்டது. விரலோடு நிறுத்தினால் விஷம் மேலே ஏறும், உயிருக்கே ஆபத்து. முட்டிக்குக் கீழே எடுத்தால், பிறகு செயற்கைக் கால் பொருத்தி நடக்கலாம். அவள் தன் முன்கையையே காலாக வைத்து, வெட்டும் இடத்தைக் காட்ட முழங்கைக்குக் கீழே விரலை ஓட்டும்போது தையல்காரரின் கண் அந்த விரலோடு சேர்ந்தே நகர்ந்தது. காலையில் மங்கலாக இருந்த முகத்தில் இப்போது ஒவ்வொரு துடிப்பும் தெரிந்தது. இவ்வளவு தெளிவு வேண்டியிருக்கவில்லை என்று தோன்றியது அவளுக்கு.

"'மெஷின் மிதிக்க ஒரு கால் போதுமா?'" என்று அவர் கேட்டதைச் சொன்னாள்.

டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் மகன் அவசரமாக அப்பாவின் முன் குனிந்து, தன் கையாலேயே ஏதோ சொல்லத் தொடங்கினான். மோட்டார், நான், வாங்கி, என்று அரைகுறையாகப் போய்க்கொண்டிருந்தது. தையல்காரர் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்து மெத்தையில் வைத்து அழுத்தினார். காது கேளாதவர்கள் உலகத்தில் அது ஒருவரின் வாயைப் பொத்துவது.

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் கையை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். டாக்டர் சொன்னதில் எதையாவது விட்டாயா என்று கேட்டார். அவள் அதையும் டாக்டருக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டு, ஒன்றையும் விடவில்லை என்று காட்டினாள். அவர் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் கைகள் எழுந்தன.

"'எடுத்துடுங்க. எங்கிட்ட கேட்டுட்டு எடுக்குறீங்க, அது போதும்.'"

நர்ஸ் எழுதிக்கொண்டாள். டாக்டரம்மா நன்றி சொன்னார். திரையை அணைக்க நர்ஸ் கையை நீட்டியபோது மகன் நிமிர்ந்து, திரையில் தெரிந்தவளைப் பார்த்தான்.

"உங்க லைன் வராமலே இருந்திருக்கலாம் மேடம்" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

அதையும் சொல்ல வேண்டும். கைகளை உயர்த்தினாள். தையல்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டால் அவரிடம் யாராலும் எதையும் சொல்ல முடியாது. கைகள் அந்தரத்தில் நிற்க, படம் அணைந்தது.

அன்று கீழே இறங்கி வந்தபோது ஓரகத்தி, "என்ன, நல்லா வந்துதா?" என்று கேட்டாள். வந்தது என்றாள். ஓரகத்தி, படிக்கட்டில் கேபிள் யார் காலையும் தடுக்காதபடி அதைச் சுவரோரம் ஒதுக்கி ஒட்டுவதற்கு டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். இருவரும் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து ஒட்டினார்கள்.

ஆபரேஷன் முடிந்தது. தையல்காரர் பிழைத்துக்கொண்டார். சில வாரங்கள் கழித்து, கட்டுப் பிரிக்கும் நாளில் ஆஸ்பத்திரி மறுபடி அவளை அழைத்தது. அவர் மெலிந்திருந்தார். சக்கர நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் டாக்டரம்மாவும் நர்ஸும் மட்டும்தான்.

"மகன் வரலையா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"'வெளிய நிக்கிறான்.'"

"உள்ள கூப்பிடட்டுமா?"

அவர் யோசித்தார். கைகள் மடியில் கிடந்து, ஏறி, மறுபடி மடிக்கே போயின. பிறகு சொன்னார். அவள் அவர் குரலாகச் சொன்னாள்.

"'வரட்டும். பக்கத்துல வேண்டாம். அந்தச் சுவரோரமா நிக்கட்டும்.'"

மகன் வந்து சுவரோரமாக நின்றான். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதலில் கட்டினான், பிறகு தொங்கவிட்டான். டாக்டரம்மா கட்டைப் பிரிக்கத் தொடங்கியபடி, வலிக்கிறதா என்று கேட்டார். அவள் கேள்வியைக் கைகளில் எடுத்துக்கொண்டாள்.