மூச்சில் தெரிந்த பெயர்

ஜெர்மனியின் கத்திப் பட்டறை ஊரான சோலிங்கனில் மழை பிடித்துக்கொண்டால் ஆற்றிலிருந்து மூட்டம் ஏறிவந்து என் ஜன்னலில் சாய்ந்து நிற்கும். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் போர்க்காலக் குத்துவாள்கள் தூங்குவது போலக் கிடக்கும். முப்பது வருடமாக இவற்றைச் சேர்க்கிறேன். அசலா, போலியா என்று மற்றவர்களுக்கும் பார்த்துச் சொல்கிறேன். இவற்றை இடுப்பில் மாட்டித் திரிந்தவர்களை எனக்குப் பிடிக்காது; இரும்பைப் பிடிக்கும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

அப்படியொரு மழைநாளில்தான் கெர்லிண்டே வந்தாள். பள்ளியில் என் பக்கத்து பெஞ்சு. போன மாதம் இறந்துபோன அவள் அப்பா ஏவால்ட், ஊரில் பேர் வாங்கிய சாணைக்காரர். துண்டில் சுற்றியிருந்ததை மேசையில் வைத்துப் பிரித்தாள். கறுப்புப் பிடிபோட்ட குத்துவாள், ஹிட்லரின் எஸ்.எஸ். படையுடையது. பிடியிலிருந்த சின்னத்தை பிளாஸ்திரி ஒட்டி மறைத்திருந்தாள்.

“காயம் அதுக்கா, உனக்கா?” என்றேன்.

“வாயை மூடுடா உடோ. பரண்ல கிடைச்சுது. போலின்னு சொல்லு, போயிடறேன்.”

“போலின்னு சொல்லச் சொல்லி இங்க வந்த முதல் ஆள் நீதான்.”

அவள் சிரிக்கவில்லை. “சண்டை முடியற வரைக்கும் பட்டறையை விட்டு நகரவே இல்லைன்னு அப்பா சொல்லுவார். கல்லறைக் கல்லுல ‘யாருக்கும் தீங்கு நினைக்காதவர்’னு வெட்டச் சொல்லியிருக்கேன். நாளைக்கு ஆரம்பிக்கிறாங்க.”

உறையிலிருந்து மெதுவாக உருவினேன். சாம்பல் வெளிச்சம் வாளின் அலகில் வழிந்தது. குறுக்காக ஓடிய மெல்லிய சாணைக் கோடுகள், வயதுக்கேற்பச் சுருங்கிய பிடிமரம், எல்லாம் சரியாக இருந்தன. பிடியை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் கோடுகள் இல்லை.

“அசல்தான். ஆனா சொந்தக்காரன் பேர் பொறிக்கிற இடத்தைத் தேய்ச்சு எடுத்திருக்காங்க.”

“யாராவது ரிப்பேருக்குக் குடுத்துட்டு வராமப் போயிருப்பான்,” என்றாள் அவசரமாக.

அந்த இடத்தில் வாயை வைத்து ஊதினேன். ஆவி படர்ந்தது. அதற்குள்ளிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன: ஏவால்ட் பாஃப்ராத். பிறகு ஆவியோடு கரைந்தன.

கத்தி விஷயத்தில் நான் பொய் சொன்னதே இல்லை. அன்று ஒரு பொய் சொல்லிவிடலாம் போலிருந்தது. சொல்லாமல் அவளிடம் நீட்டினேன்.

“நீயே ஊது.”

ஊதினாள். பார்த்தாள். மறுபடி ஊதினாள். மூட்டம் அறைக்குள்ளும் வந்துவிட்டது போலிருந்தது. அவள் மூச்சும் அவர் பெயரும் மாறி மாறி வந்து போயின.

“ஏதோ அவசரத்துல அரைகுறையா விட்டிருக்கார்,” என்றேன்.

“அப்பாவா?” நிமிர்ந்து பார்த்தாள். “காய் நறுக்கற கத்தியைக்கூட ஊதிப் பார்க்காம கையை விட்டு இறக்க மாட்டாரே!”

உண்மைதான். எங்கள் ஊரில் எந்தச் சாணைக்காரரும் அப்படித்தான். மிச்சமிருக்கும் குறையை மூச்சு காட்டிக்கொடுத்துவிடும். சாணைக்கல்லில் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் போதும். அவர் ஊதியிருக்கிறார், தன் பெயரைப் படித்திருக்கிறார், அப்படியே பரணில் வைத்திருக்கிறார்.

கெர்லிண்டே என் போனை எடுத்துக் கல் செதுக்குபவரை அழைத்தாள்.

“அந்த வரி வேண்டாங்க. பேர் மட்டும் போதும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஆழமா வெட்டுங்க.”