அருணா சொன்னதாக

எழுந்தேன். மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பும் வரை பல் துலக்கினேன். அரிசி களைந்து குக்கரில் வைத்தேன். விசில் வந்ததும் அணைத்தேன். ரசம் முந்தைய நாளுடையது, சூடு பண்ணினேன். குளித்தேன். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினேன். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையையும் மாட்டினேன். பிறகு கழற்றி ஆணியில் தொங்கவிட்டேன். போன வாரத்தோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அந்த அட்டைக்கு இனி எந்த கேட்டும் திறக்காது.

தெருமுனையில் பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது. என் மனைவி அருணாவின் கம்பெனி பஸ். அவள் எப்போதும் கடைசி நிமிடத்தில்தான் ஓடுவாள். அவளுக்காக அடித்துப் பழகிய டிரைவர். அவள் இறந்தது அவருக்குத் தெரியும். மாலை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கை பழகிவிட்டது போல. ஹாரன் அடித்துவிட்டுக் கொஞ்சம் நிற்பார். பிறகுதான் வண்டி நகரும். அது நகரும் வரை நான் சாப்பிட உட்காருவதில்லை.

சாப்பிட்டு முடித்தபோது விஜயகுமார் அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஓசூர் கிளையில் ஏஜெண்டுகளைச் சேர்த்துப் பழக்குவது அவர் வேலை. அருணாவுக்கு பாலிசி போட்டவர் அவர்தான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்த அருணா திரும்பி வராதபோது, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகும் கூட இருந்தவரும் அவர்தான். ஆம்புலன்ஸ் பேசினார். இறப்புச் சான்றிதழுக்கு அலைந்தார். நான் கேட்காமலே க்ளெய்ம் பணம் வாங்கிக் கொடுத்தார். அதனால் அவர் சொல்வதை மறுக்க எனக்கு வாய் வருவதில்லை.

அவர் சொல்வது இதுதான். சூளகிரி பக்கம் இன்னொரு தொழிற்சாலையில் காண்டிராக்டர் என்னைக் கூப்பிடுகிறான், திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும், நைட் ஷிஃப்ட். அதற்குப் பதிலாக அவருடைய கம்பெனிக்கு ஏஜெண்டாகிவிடலாம். அவர் பேச்சைக் கேட்டு நான் தேர்வும் எழுதிப் பாஸாகிவிட்டேன். கையெழுத்துதான் பாக்கி. அதைச் சாயங்காலம் கிளையில் போடுவது என்றும், அதற்கு முன் ஒரு நாள் அவரோடு சுற்றிப் பார்ப்பது என்றும் ஏற்பாடு.

பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடித்தோம்.

"மூஞ்சிய ஏன் தம்பி அப்டி வச்சிருக்க? ஒரே கம்பெனி பாலிசியத்தான் விக்கணும்னா அதுல என்ன பயம்?"

"மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிருமேண்ணா."

"கல்யாணம் மாதிரிதான். ஒருத்தர்னா ஒருத்தர். அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு வச்சிக்க முடியாது." சொல்லிவிட்டு டீ கிளாஸுக்குள் பார்த்தார். "சாரி தம்பி. வாயி."

"பரவால்லண்ணா. வர்றவங்களுக்கு நம்ம பாலிசி பொருந்தலேன்னா? வேற கம்பெனிய சொல்லலாமா?"

"நம்ம கடையில இட்லி போட்டுகிட்டு, பக்கத்துக் கடையில பூரி சூப்பரா இருக்கும்னு சொல்லுவியா?"

பக்கத்தில் நின்ற ஆள் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் நான் ஏற்கெனவே யோசித்திருந்தேன். பி.காம் படித்தவன். சம்பளம் கிடையாது, விற்றால்தான் உண்டு. டார்கெட் உண்டு. முதலில் சொந்தக்காரர்கள் வாங்குவார்கள். அவர்கள் தீர்ந்த பிறகு யார் என்று தெரியாது. நான் சேர்த்த ஆட்கள் எனக்குச் சொந்தமில்லை. நாளைக்கு விலகினால் அவர்கள் கம்பெனியோடு இருந்துவிடுவார்கள், நான் மட்டும் வெளியே வருவேன். ஒரு பக்கம் இவை. இன்னொரு பக்கம் நைட் ஷிஃப்ட்டும் காலி வீடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே கனமாகத்தான் இருந்தன. எதற்கும் பெரிதாகப் பயப்படும் நிலையில் நான் இல்லை.

என்னை அவர் ஏன் இவ்வளவு விரும்புகிறார் என்பதும் தெரியும். அது அந்தப் படம்.

க்ளெய்ம் கொடுப்பதை ஊர் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். பணம் முன்பே கணக்கில் வந்துவிட்டது. ஆனாலும் அருணாவின் ஊரான ஜவளகிரியில், பால் சொசைட்டி எதிரே, ஷாமியானா போட்டு, செக் மாதிரி அச்சடித்த பெரிய போர்டு ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். போட்டோக்காரர், "சார், போர்ட கொஞ்சம் மேல தூக்குங்க. லேசா சிரிங்க" என்றார். அந்த மாதம் யார் எதைச் சொன்னாலும் செய்துகொண்டிருந்தேன். சிரித்தேன். மாவட்டம் முழுக்க அந்தக் கம்பெனி ஏஜெண்டுகளின் போனில் நான் போர்டைப் பிடித்துச் சிரித்தபடி இருக்கிறேன்.

"நாங்க ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் பேசணும். நீ சும்மா போயி உக்காந்தாலே போதும் தம்பி" என்பார் அண்ணன்.

அன்று முதலில் போனது சூளகிரி தாண்டி ராஜப்பன் என்பவர் தோட்டத்துக்கு. பிளாஸ்டிக் கூரையில் பாலிஹவுஸ் போட்டு ரோஜா வளர்ப்பவர். போனில் யாரிடமோ தெலுங்கில் கத்திக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு உட்காரச் சொன்னார். அண்ணன் பாலிசியைப் பற்றிப் பேசவில்லை. என் தோளில் கை வைத்தார்.

"இவருதாங்க நவீன்குமார். அந்தப் பொண்ணோட வீட்டுக்காரரு. உசுரு போற நேரத்துல அந்தப் பொண்ணு இவரு கையப் புடிச்சிகிட்டு என்ன சொல்லிச்சு தெரியுங்களா? 'நான் போயிட்டாலும் நீங்க கஷ்டப்படக் கூடாதுன்னுதாங்க அந்தப் பாலிசி போட்டேன்.' அதாங்க கடைசி வார்த்த."

ராஜப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மகராசி" என்றார். என் முதுகைத் தட்டினார். மகன் பெயரில் ஒன்றும் தன் பெயரில் ஒன்றும் எடுத்தார். வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான் சொன்னேன்.

"அவ அப்டி சொல்லலண்ணா."

"தெரியும் தம்பி." அவர் திகைக்கவில்லை. "நான் கேட்டப்ப நீ வாயே தொறக்கல. போற எடத்துல ஜனங்க கேக்கறாங்கல்ல, கடைசியா என்ன சொல்லிச்சுன்னு. ஏதாச்சும் சொல்லணும்ல? அந்தப் பொண்ணப் பத்தி தப்பாவா சொன்னேன்? பெருமையாதான சொன்னேன்."

பெருமையாகத்தான் சொன்னார். எத்தனை வீடுகளில் சொல்லியிருக்கிறார் என்று கேட்டேன். பைக்கை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே, "அதெல்லாம் யாரு கணக்கு வச்சா?" என்றார்.

நெடுஞ்சாலையில் காற்று காதை அடைத்தது. அந்த வாக்கியம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் அண்ணன் குரலில் ஓடியது. ஒரு மேம்பாலத்தில் ஏறி இறங்கியபோது கவனித்தேன், குரல் மாறியிருந்தது. அருணா சொல்லிக்கொண்டிருந்தாள். பேசத் தொடங்கும் முன் அவள் இழுக்கும் சின்ன மூச்சு கூட இருந்தது. கஷ்டப்படக் கூடாதுன்னுதாங்க. அவள் என்னிடம் ஒரு நாளும் 'ங்க' போட்டுப் பேசியவள் இல்லை. ஆட்கள் இருந்தால் நவீன், இல்லையென்றால் டேய். ஆனால் அவள் குரல்தான்.

அவள் உண்மையில் சொன்னதை நினைத்துப் பார்த்தேன். இதுவரை தினமும் தானாக வந்துகொண்டிருந்தது. இப்போது தேட வேண்டியிருந்தது. கிடைத்தது. ஹெல்மெட்டுக்குள் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தேன். வார்த்தைகள் இருந்தன. குரல் இல்லை. குரலை அந்த இன்னொரு வாக்கியம் எடுத்துக்கொண்டு போயிருந்தது.

முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணன், "குருபரப்பள்ளில ஒரு பார்ட்டி. முடிச்சிட்டு பிரியாணி சாப்டலாம்" என்று கத்தினார்.

நான் யோசித்த கணக்கில் இது இல்லை. கையெழுத்துப் போட்டால் நான் மட்டும் கட்டுப்படுவேன் என்றிருந்தேன். போகிற வீடெல்லாம் அவளும் வர வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் அவள் அதைச் சொல்ல வேண்டும். இன்னும் சில வீடுகள் போனால் வார்த்தைகளும் போய்விடும். பிறகு யாராவது கேட்டால் நானே அதைத்தான் சொல்வேன். பொய் என்று எனக்கே தெரியாமல்.

குருபரப்பள்ளியில் சர்வீஸ் ரோட்டை ஒட்டிப் பஞ்சர் கடை. கடைக்காரர் தமிழரசன் முன்பு ஒரு தொழிற்சாலையில் இருந்தவர். அவர் மனைவி மணிமேகலை அதே கூரையின் கீழ் டீ போடுகிறாள். ஒரு லாரி டயர் மேல் எங்களை உட்கார வைத்தார்கள்.

மணிமேகலை டீயை நீட்டியபடி என்னை உற்றுப் பார்த்தாள். "இவர பாத்திருக்கேன். போர்ட புடிச்சிகிட்டு சிரிச்சிட்டே நிப்பாரே."

"ஏய், சும்மா இரு" என்றார் தமிழரசன். "சார், எனக்கு சுகர் இருக்கு. மாத்திர போட்டுட்டிருக்கேன். எடுப்பாங்களா? எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவளுக்கும் புள்ளைக்கும் கிடைக்கற மாதிரி, அவ்ளோதான். சேமிப்பெல்லாம் வேணாம். நம்மால கட்ட முடியாது."

"அதுக்கு நம்மகிட்ட சூப்பர் பிளான் இருக்குங்க" என்றார் அண்ணன். அது சேமிப்புப் பாலிசி. இடையில் கட்ட முடியாமல் நின்றால் போட்டதில் பெரும்பகுதி போய்விடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இவர் கேட்கிற மாதிரியே கொடுக்கும் வேறு கம்பெனி இருப்பது, தேர்வுக்குப் படிக்கும்போது நான் தெரிந்துகொண்டது. டீயைக் குடித்தேன்.

அண்ணன் என் தோளில் கை வைத்தார். நவீன்குமார் என்றார். உசுரு போற நேரத்துல என்றார். அவர் சொல்லும் முன்பே எனக்குள் அருணா மூச்சை இழுத்தாள்.

சொல்லி முடித்தார். தமிழரசன் தலையைக் குனிந்துகொண்டார். மணிமேகலை மட்டும் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"நெசமாவா? சாகப்போற மனுசி பாலிசியப் பத்தியா பேசுவா?"

"மேகல!"

"நீ சும்மா இருய்யா. நான் அவரக் கேக்கறேன்." என் பக்கம் திரும்பினாள். "அந்தக்கா அப்டியாங்க சொன்னாங்க?"

அண்ணனின் கை இன்னும் என் தோளில் இருந்தது. அழுத்தவில்லை. அழுத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஆம்புலன்ஸில் என் கூட உட்கார்ந்து வந்ததும் அந்தக் கைதான்.

"இல்லங்க" என்றேன். "அவ அப்டி சொல்லல."

ஒரு கண்டெய்னர் லாரி போய் முடியும் வரை காத்திருந்தோம். அண்ணன் கையை எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, இவருக்கு வேற கம்பெனிதான் சரி" என்றேன். தமிழரசனிடம் அந்தக் கம்பெனியின் பெயரைச் சொன்னேன். சர்க்கரை அளவை மறைக்காமல் எழுதச் சொன்னேன்.

அண்ணன் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "அப்ப சாயங்காலம் வரல?"

"வரலண்ணா. திங்கக்கெழம சூளகிரிக்குப் போறேன்."

"நைட் ஷிஃப்டுக்கா? தனியா?"

"ஆமாண்ணா. இனிமே எங்கயும் அவ பேரச் சொல்லாதீங்க. இது ஒண்ணுதான் கேக்கறேன்."

அவர் கோபப்படவில்லை. எழுந்து போய் பைக் பக்கத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். என்னை விட்டுவிட்டுப் போகவில்லை.

மணிமேகலை எங்கள் கிளாஸ்களை எடுத்தாள். எடுத்தவள் போகாமல் நின்றாள். மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப என்னதாங்க சொன்னாங்க?"

வாயைத் திறந்தேன். முதலில் வந்தது மற்றதுதான். கஷ்டப்படக் கூடாதுன்னுதாங்க, அவள் குரலில், தெளிவாக. அதை விழுங்கினேன். காத்திருந்தேன். ஆஸ்பத்திரியின் பினாயில் வாசனை முதலில் வந்தது. பிறகு பக்கத்துக் கட்டில் கிழவரின் இருமல். நான் மருந்துச் சீட்டோடு கீழே போகக் கிளம்பியது. குளுக்கோஸ் ஏறுகிற கையைத் தூக்கி அவள் என்னை நிறுத்தியது. மூச்சு. அவளுடைய அந்தச் சின்ன மூச்சு.

"டேய், சார்ஜர் என்னுது. தூக்கிட்டுப் போயிராத."