இரண்டு வருஷமாகக் கேட்காத விசில்

தரையில் நடக்கும்போதுதான் ஓக்ரனுக்குத் தலை சுற்றும். வீட்டிலிருந்து கடற்கரைக்கு வருவதற்குள் நாலு இடத்தில் கல்சுவரைப் பிடித்து நிற்பாள். தண்ணீரில் இறங்கிவிட்டால் போதும், உடம்பு சொன்னபடி கேட்கும். ஜேஜுத் தீவுக் கடலில் ஐம்பத்தாறு வருஷமாக மூச்சடக்கி முங்கிச் சங்கும் சிப்பியும் எடுத்த உடம்பு.

காதைத் தின்றதும் அந்தத் தண்ணீர்தான். வெளியே தெரிந்தால் முங்கும் பெண்களுக்குத் தலைவியான யங்சிம் கடலில் இறங்க விடமாட்டாள். ஜோடி ஜோடியாகத்தான் முங்க வேண்டும். மேலே வருகிறவள் விசிலடித்த மாதிரி மூச்சை விடுவாள். அந்தச் சத்தத்தை ஜோடிக்காரி காதில் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வரவில்லையென்றால் போட்டது போட்டபடி போய்ப் பார்க்க வேண்டும்.

ஓக்ரனின் ஜோடி அவள் நாத்தனார் மல்ஜா. இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் கேட்பாள் என்று ஓக்ரன் மனதைத் தேற்றி வைத்திருந்தாள்.

அன்றைக்கு அடியில் கிடந்த பழைய வலையில் மல்ஜாவின் கால் மாட்டிக்கொண்டது. அவளுடைய மிதவை பத்தடியில் ஆடிக்கொண்டிருந்ததை ஓக்ரன் பார்த்தாள். கீழே வேலையாக இருக்கிறாள் என்று தானும் முங்கினாள். எங்கேயோ தூரத்தில் இருந்த யங்சிம்தான் விசில் நின்றதைக் கவனித்து, நீந்தி வந்து, வலையை அறுத்து அவளை இழுத்தாள்.

கரைக் குடிசையில் நெருப்பருகே மல்ஜா வெடவெடத்துக்கொண்டிருந்தாள். ஓக்ரன் நெருங்கி உட்கார்ந்தாள்.

“யார்கிட்டயும் சொல்லிடாத. உன் விசில் எனக்குக் கேட்டு ரெண்டு வருஷமாச்சு.”

“என்ன?”

“காது கேக்கலைடி!”

மல்ஜா அவள் உதட்டையே பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது.

“எனக்கு மட்டும் கேக்குதுன்னா நெனச்சீங்க, அண்ணி? நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான நான் முங்கிட்டிருந்தேன்!”

“அடிப்பாவி! உன் காதை நம்பித்தானே நான் எறங்கினேன்!”

“நல்லா நம்பினீங்க. செவிட்டுக்குச் செவிடு காவல்!”

“மெதுவாப் பேசு. யங்சிம் காதுல விழுந்தா ரெண்டு பேரையும் கரையில உக்கார வெச்சிருவா.”

“மெதுவாத்தான் பேசறேன்.”

ஓக்ரன் நிமிர்ந்தாள். உடை மாற்றிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கை நின்றுபோய் அவர்களையே பார்த்தபடி இருந்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

யங்சிம் ஆணியில் தொங்கிய இருவரின் முங்குகண்ணாடிகளையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அவள் வாய் வெகுநேரம் அசைந்தது.

ஒரு சொல்லும் கேட்கவில்லை.

“சரி,” என்றாள் ஓக்ரன்.