பெறுபவர் மறுத்துவிட்டார்

பல்பொருள் அங்காடியின் பின்கட்டில், பழுதான குளிர்பெட்டியைச் சரிசெய்ய அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது கூரியர் கம்பெனியிலிருந்து அந்தச் செய்தி வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். அக்காவுக்கு நான் அனுப்பிய தையல் மெஷின் திரும்பி வந்துகொண்டிருந்தது. கூடவே ஒரு படம். அட்டைப்பெட்டியின் மேல் சாய்வாக ஒட்டிய சிவப்புச் சீட்டு. ‘பெறுபவர் மறுத்துவிட்டார்.’

எனக்குக் காதெல்லாம் சுட்டது. நின்ற இடத்திலேயே அந்தப் படத்தைச் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸாப் குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: “ஆசையா அனுப்பினேன். மூஞ்சியில அடிச்ச மாதிரி திருப்பி விட்டுட்டாங்க.” ஐந்து நிமிடத்தில் அத்தை, “அவளுக்குத் தலைக்கனம் கொஞ்சமா நஞ்சமா” என்றாள். பெரியப்பா மகன் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டு, “இவங்களுக்கெல்லாம் நல்லது செய்யவே கூடாதுப்பா” என்றான். என் பக்கம் ஆள் சேரச் சேர மனசு ஆறியது. அக்காவும் அந்தக் குழுவில் இருக்கிறாள். படித்துவிட்டாள் என்பது தெரிந்தது. ஒன்றும் எழுதவில்லை.

அக்கா இருப்பது வேறு நாட்டில். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை. போன வருஷம் இடுப்பில் ஆபரேஷன் ஆனபோது பார்க்கப் போனேன். அவள் வீட்டில் குளியலறை ஒன்றுதான், கூட்டமாக இருக்கும் என்று என் மனைவி சொன்னதால் ஹோட்டலில் அறை எடுத்தோம். இரண்டு நாளும் மத்தியானம் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தோம். கிளம்பும்போது அக்கா படுக்கையிலிருந்தே, “விருந்தாளிங்க வந்துட்டுப் போற மாதிரி இருக்குடா உருண்டை” என்றாள். சின்ன வயதில் நான் குண்டு. அந்தப் பெயர் இன்னும் அவள் வாயில் மட்டும் இருக்கிறது. அவள் மகள் அழுதுவிட்டாள். நான் ஏதோ சுருக்கென்று பதில் பேசினேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு குறைந்துபோனது.

நின்றுகொண்டே செய்யும் வேலை இனி அதிக நாள் முடியாது, உட்கார்ந்து துணி தைத்துக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதனால்தான் மெஷின். மன்னிப்பு கேட்க எனக்கு வாய் வராது. பொருள் வாங்கித் தர வரும்.

ஆன்லைனில் நல்ல மெஷினாகத் தேடினேன். வெளிநாட்டு முகவரியைக் கொடுத்ததும் இரண்டு சின்ன வட்டங்கள் வந்தன. இறக்குமதி வரியும் மற்ற கட்டணங்களும் அனுப்புபவர் இப்போதே செலுத்துவார் என்று ஒன்று. பெறுபவர் செலுத்துவார் என்று ஒன்று. முதல் வட்டத்தைத் தொட்டால் மொத்தத் தொகை விறுவிறுவென்று ஏறியது. இரண்டாவதைத் தொட்டால் இறங்கியது. இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தேன். வீட்டு உபயோகத்துக்கு ஒரு மெஷின், பரிசு என்று வேறு எழுதியிருக்கிறோம், யார் வரி போடப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு இரண்டாவதில் விட்டேன். அந்த வட்டத்தை நான் கவனிக்கவே இல்லை என்று பிற்பாடு மனைவியிடம் சொன்னேன். கவனித்தேன்.

பெட்டி அந்த நாட்டுக்குள் போய்விட்டது என்று போன் காட்டியதோடு அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். அக்கா கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிட்டதும் எப்படி அலட்சியமாகப் பேச வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். “சும்மாதான்க்கா, கண்ணுல பட்டுச்சு.”

திரும்பி வந்த பெட்டியை வாங்க கூரியர் கம்பெனியின் கிடங்குக்குப் போனேன். ஊருக்கு வெளியே, லாரிகள் திரும்பும் தெருவில் தகரக் கொட்டகை. கவுன்டரில் கண்ணாடி போட்ட ஒரு பெண் கணினியைத் தட்டிவிட்டு, “இங்க வாங்கின பொருள்னு பில் இருக்கு சார், அதனால வரி கிடையாது. திரும்ப வந்த செலவும் சுங்க புரோக்கர் கட்டணமும் மட்டும் கட்டணும்” என்றாள். தொகையைச் சொன்னாள்.

“அனுப்பின பொருள் அனுப்பினவன்கிட்டயே வர்றதுக்குப் புரோக்கர் எதுக்கு?” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். “அவங்க வேணாம்னு சொன்னதுக்கு நான் ஏன் கட்டணும்? போய் அவங்ககிட்ட கேளுங்க.”

அவள் கோபப்படவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேர் இதே கேள்வியைக் கேட்டுப் பழகியவள் போலிருந்தது. “அவங்க சும்மா வேணாம்னு சொல்லல சார்” என்றாள். “அங்க இருக்கற ஆபீஸ்ல குறிப்பு போட்டிருக்காங்க.” என் பக்கம் திரும்பாமலே படித்தாள்.

“முதல் நாள், பணம் இல்லை, சம்பளம் வரும்வரை நேரம் கேட்டார். நாலாம் நாள், ரெண்டு தவணையா கட்டலாமான்னு போனில் கேட்டார். முடியாதுன்னு சொல்லப்பட்டது.” திரையைக் கீழே நகர்த்தினாள். “எட்டாம் நாள், நேரில் வந்தார். பெட்டியைப் பார்க்கலாமான்னு கேட்டார். காட்டப்பட்டது.”

“அப்புறம்?”

“மறுப்புப் படிவத்துல கையெழுத்து போட்டிருக்காங்க. அனுப்பியவருக்குக் காரணம் சொல்ல வேண்டாம்னு...” அவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். “நான் இதைப் படிச்சிருக்கக் கூடாது சார்.”

அங்கே அக்காவிடம் கேட்ட தொகை எவ்வளவு என்று கேட்டேன். திரையை என் பக்கம் லேசாகத் திருப்பினாள். சுங்க வரி, விற்பனை வரி, புரோக்கர் கட்டணம், நாள் கணக்கில் கிடங்கு வாடகை. மெஷினின் விலையில் பாதிக்கு மேல் இருந்தது. விரிப்பு மடிக்கிறவளுக்கு அது எத்தனை நாள் கூலி என்று எனக்குத் தெரியும். அந்த ஊரில் நானும் கொஞ்ச காலம் வேலை செய்தவன்தான். அவள் வீட்டிலிருந்து அந்த ஆபீசுக்கு எப்படியும் இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கும். ஆபரேஷன் ஆன இடுப்போடு போய், ஒரு அட்டைப்பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அதைத் தொட்டுப் பார்த்தாளா என்று குறிப்பில் இல்லை.

கேட்ட பணத்தைக் கட்டினேன். சற்றுமுன் கத்தியவன் நான்தான் என்று பின்னால் நின்றவர்களுக்குத் தெரியும் என்பதால், குனிந்த தலை நிமிராமல் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே வந்தேன்.

காரில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டேன். பின்னணியில் பெரிய பெரிய சலவை மெஷின்கள் ஓடும் இரைச்சல்.

“அக்கா.”

“சொல்றா.”

“மெஷின் ஏன்க்கா வாங்கல?”

ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அந்தப் பதிலை எனக்காகத் தயாராக வைத்திருந்தாள் என்று தோன்றியது. “கண்ணு சரியா தெரியல்லடா. ஊசியில நூல் கோக்கவே பத்து நிமிஷம் ஆகுது. எனக்கெதுக்கு அதெல்லாம். உன் பொண்டாட்டிக்குக் குடு.”

“குரூப்ல நான் எழுதினதைப் பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“ஏன் எதுவும் சொல்லல?”

“என்னத்தச் சொல்றது?” என்றாள். “உனக்கும் கோவம் வரும்ல. அத்தைக்குப் பேச ஏதாவது வேணும்ல.” சிரிக்கப் பார்த்தாள். “சூப்பர்வைசர் பாக்கறான்டா. வைக்கிறேன்.”

எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவள் காப்பாற்றி வைத்திருந்த ஒன்றைப் பிடுங்கிவிடுவேன் போலிருந்தது. சொல்லாவிட்டால் அத்தை சொன்னதுதான் நிற்கும். இரண்டில் எது எனக்குச் சுலபம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பது புரிந்தபோது, அன்று அந்தத் தொகையை ஏற்றி இறக்கிப் பார்த்த என் விரலே எனக்கு அருவருப்பாக இருந்தது.

குழுவைத் திறந்து எழுதினேன். “அக்கா மேல தப்பு இல்ல. வரியையும் கட்டணத்தையும் நான் கட்டியிருக்கணும். காசை மிச்சம் பிடிக்க அதை அவ தலையில கட்டிட்டேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். அன்னிக்கு நான் எழுதினது பொய்.” அவளிடம் பணம் இல்லை என்பதை எழுதவில்லை. ‘தெரிஞ்சேதான்’ என்ற சொல்லை இரண்டு முறை அழித்தேன், மூன்றாவது முறை அப்படியே விட்டு அனுப்பிவிட்டேன். போனைக் கவிழ்த்துப் பக்கத்து இருக்கையில் போட்டேன். அது அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. எடுக்கவில்லை.

எதிரே ஒரு பெரியவர் தன் சின்னக் காரின் பின்கதவைத் திறந்து வைத்து, ஆள் உயரப் பெட்டி ஒன்றை உள்ளே தள்ளப் போராடிக்கொண்டிருந்தார். நீளவாட்டில் தள்ளினார், நிறுத்தி வைத்துப் பார்த்தார், எப்படி வைத்தாலும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இறங்கிப் போய் ஒரு முனையைப் பிடித்தேன்.

“கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க தம்பி. இன்னும் கொஞ்சம்” என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு. “உங்களுக்கும் பார்சலா?”

“எனக்கு இல்ல” என்றேன். “எங்க அக்காவுக்கு.”

“அப்படியே பிடிங்க, விட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டு, அவர் கயிறு தேடி முன்பக்கம் போனார். நான் இரண்டு கைகளாலும் அந்தப் பெட்டியைத் தாங்கிக்கொண்டு வெயிலில் நின்றேன்.